வீட்டுக் கணினியைக் காப்பது பழக்கமே

(மாவட்ட நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று உங்கள் முன் நான் வைக்க வந்தது ஒரே ஒரு கருத்து. வீட்டுக் கணினி கெட்டுப்போவதும், அதில் இருப்பவை பறிபோவதும் பெரும்பாலும் நமக்குக் கணினி அறிவு போதாததால் நடப்பதில்லை. செய்ய வேண்டியதை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதால் நடக்கிறது. கணினி உலகத்தைக் கலங்கடித்த பெரிய தாக்குதல்களை எடுத்துப் பாருங்கள். தீர்வு பெரும்பாலும் முன்பே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

1988 நவம்பர் 2 அன்று, ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் எழுதிய ஒரு சிறு நிரல் இணையத்தில் பரவியது. அன்றைக்கு இணையத்தோடு இணைந்திருந்த கணினிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று முடங்கியதாக மதிப்பிட்டார்கள். கணினிக்குள் நுழைய அது கையாண்ட வழிகளில் ஒன்று, கடவுச்சொல்லை ஊகிப்பது. பயனரின் பெயரையே போட்டுப் பார்க்கும். அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும். பிறகு தன்னிடம் இருந்த சில நூறு சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். அவ்வளவுதான். அதற்கே பல கதவுகள் திறந்துவிட்டன.

2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ், தெரிந்தவர்களின் முகவரியிலிருந்தே ஒரு காதல் கடிதமாக வந்தது. உடன் வந்த இணைப்பு வெறும் எழுத்துக்கோப்பு போலத் தெரிந்தது. உண்மையில் அது ஒரு நிரல். விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்துக் காட்டியதால் பார்ப்பவர்கள் ஏமாந்தார்கள். திறந்தவுடன், அவர்கள் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கடிதம் போய்ச் சேர்ந்தது.

2008-இல் வந்த கான்ஃபிக்கர் என்ற தீநிரல் இன்னும் தெளிவான பாடம். அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 23 அன்றே வெளியிட்டுவிட்டது. கான்ஃபிக்கர் கிளம்பியது நவம்பரில். ஆனாலும் பல லட்சம் கணினிகள் அதற்கு இரையாயின.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே கதை மறுபடி நடந்தது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது. கோப்புகளையெல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு, திறக்க 300 டாலர் பிட்காயினாகக் கொடு என்று கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது; சுமார் 19,000 நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். சிகிச்சைக்காகக் காத்திருந்த மனிதர்கள் அவர்கள். மார்ச்சுக்கும் மேக்கும் இடையே இருந்த இரண்டு மாதங்களில், கணினியை ஒருமுறை புதுப்பித்து மறுதொடக்கம் செய்திருந்தால் இந்தத் தாக்குதலைத் தடுத்திருக்கலாம்.

ஆகவே முதல் பழக்கம், புதுப்பிப்பு. திரையின் மூலையில் 'அப்டேட் தயாராக உள்ளது' என்று வந்தால், அன்றிரவே செய்துவிடுங்கள். புதுப்பிப்பு வெளியானதும் ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு யார் முந்துகிறார்கள் என்பதுதான் கேள்வி. இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்தால் போதாது, பிரவுசரையும், பி.டி.எஃப். படிக்கும் மென்பொருளையும், வைஃபை ரௌட்டரையும் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகும் அந்தக் கணினி ஓடும். பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் கூடுதல் ஆதரவுத் திட்டத்தில் சேராத கணினியில் புதிய ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். கணினிக்குத் தகுதி இருந்தால் விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். தகுதி இல்லாத பழைய கணினியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். நம் ஊருக்கு இது அந்நியமான ஒன்றல்ல. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம்தான் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினியைக் கொடுத்தது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் பிள்ளைகள் பலர் அதைத் தொட்டுப் பழகியவர்கள்தான்.

இரண்டாவது பழக்கம், பிரித்து வைப்பது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையக் கணினியில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி வந்ததே, நினைவிருக்கும். இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அதை உறுதிசெய்தது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த ஒரு பயனரின் கணினியில்தான் அது இருந்தது. முக்கியமான உள் வலையமைப்பு தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் பாதிப்பு இல்லை என்று கழகம் தெரிவித்தது. இதில் வீட்டுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒன்று விழுந்தாலும் மற்றது விழாதபடி இடையில் சுவர் இருக்க வேண்டும்.

அந்தச் சுவரை வீட்டில் எழுப்பச் செலவே இல்லை. பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு பயனர் கணக்கு இருக்கும்; அதுவும் நிர்வாகி கணக்காக இருக்கும். அதிலேயே பையன் விளையாட்டைத் தரவிறக்குகிறான், அதிலேயே அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கிறார். இதை மாற்றுங்கள். நிர்வாகி கணக்கு ஒன்றைத் தனியாக வைத்து, மென்பொருள் நிறுவும்போது மட்டும் அதன் கடவுச்சொல்லைப் பயன்படுத்துங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் சாதாரணப் பயனர் கணக்கு கொடுங்கள். தவறுதலாக ஒரு தீநிரல் ஓடினாலும், கணினி முழுவதையும் மாற்றும் உரிமை அதற்குச் சுலபத்தில் கிடைக்காது.

மூன்றாவது, எதை உள்ளே விடுகிறோம் என்பது. நம் ஊரில் கணினிக்குள் கேடு நுழையும் வழிகளில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று, ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் பென் டிரைவ். பிரிண்ட் எடுத்துத் திரும்பி வந்து பார்த்தால் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். கோப்புகள் அழிந்துவிடவில்லை, மறைந்திருக்கின்றன. பதறி ஒரு ஷார்ட்கட்டைத் தட்டினால்தான் வைரஸ் நம் கணினிக்குள் வருகிறது. பிரிண்ட் எடுப்பதற்கென்று ஒரு சிறிய பென் டிரைவைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். தேவையான கோப்பை மட்டும் அதில் போட்டுக் கொண்டுபோங்கள். வீட்டுக்கு வந்ததும், திறக்கும் முன் ஸ்கேன் செய்யுங்கள்.

மற்றொரு வழி, திருட்டு மென்பொருள். 'கிராக்' என்று சொல்லி எடுக்கும் கோப்போடு ஒரு குறிப்பு வரும்: நிறுவும் முன் ஆன்ட்டிவைரஸை நிறுத்துங்கள் என்று. ஊர் பேர் தெரியாத ஒருவன், காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திற என்கிறான், நாமும் திறக்கிறோம். இதற்குத் தேவையே இல்லை. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆஃபிஸ் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழில் தட்டச்சு செய்ய விண்டோஸிலேயே விசைப்பலகை இருக்கிறது. எதைத் தரவிறக்கினாலும் அதை உருவாக்கியவர்களின் தளத்துக்கே போய் எடுங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைத் தட்டாதீர்கள்.

ஆன்ட்டிவைரஸ் எது நல்லது என்று கேட்பீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. அதை அணைக்காமல் வைத்திருந்தால் பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும். இரண்டு ஆன்ட்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள். ஒன்றோடொன்று மோதிக் கணினியை மந்தமாக்கும். கணினியை வேகமாக்குகிறேன், சுத்தம் செய்கிறேன் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களும் வேண்டாம்.

நான்காவது, கடவுச்சொல். 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் வெளியே கசிந்தன. அவற்றில் மிக அதிகம் பேர் வைத்திருந்தது 123456. நம் ஊரில் வேறு வகை இருக்கிறது: பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டு, வண்டி எண், குலதெய்வத்தின் பெயர், குறளின் முதல் இரண்டு சொற்கள். நமக்கு எளிதில் தோன்றுவது நம்மை அறிந்தவருக்கும் எளிதில் தோன்றும்.

நல்ல கடவுச்சொல்லுக்கு நீளம்தான் பலம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து வையுங்கள்; நினைவில் நிற்கும், ஊகிக்கவும் முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும் என்ற பழைய விதியை அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே கைவிட்டுவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் ஓர் எண்ணைச் சேர்த்துவிட்டுப் போகிறார்கள் என்பது அனுபவத்தில் தெரிந்ததுதான் காரணம். கசிந்தது தெரிந்தால் உடனே மாற்றுங்கள். ஒரே கடவுச்சொல்லை இரண்டு இடத்தில் வைக்காதீர்கள். ஒரு சிறு கடையின் இணையதளத்தில் கசிந்ததைக் கொண்டு உங்கள் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதுதான் திருடர்களின் முதல் வேலை.

இத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது? கடவுச்சொல் மேலாளர் மென்பொருள்கள் இருக்கின்றன. அது வேண்டாம் என்பவர்கள் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டி வையுங்கள். இணையத்தின் வழியே வரும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. எல்லாவற்றையும்விட மின்னஞ்சல் கணக்கைக் காப்பாற்றுங்கள். மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்டெடுக்கும் வழி அங்கேதான் வந்து சேர்கிறது. அதற்கு இரண்டு படிச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். ரௌட்டரோடு வந்த கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விடப்பட்ட அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பயனர்பெயர்-கடவுச்சொல் இணைகளை வைத்துக்கொண்டே கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது.

ஐந்தாவது, அவசரப்படாமை. திருடர்கள் கணினியை உடைப்பதைவிட மனிதரைப் பதறவைப்பதையே எளிதாகக் காண்கிறார்கள். 'இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று குறுஞ்செய்தி வரும். அதிலுள்ள எண்ணை அழைத்தால், திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் ஒரு செயலியைப் போடச் சொல்வார்கள். 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று திரை முழுவதும் சிவப்பாக எச்சரிக்கை வரும். கூடவே ஒரு தொலைபேசி எண் இருக்கும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. காவல் அதிகாரி உடையில் வீடியோவில் தோன்றி 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவார்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்குமே இல்லை. எந்தச் செய்தி நம்மை உடனே செய் என்று விரட்டுகிறதோ, அதற்கு முன்னால் பத்து நிமிடம் சும்மா இருங்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். மின்வாரியமோ வங்கியோ என்றால், நமக்கு முன்பே தெரிந்த எண்ணை நாமே அழைத்துக் கேட்போம்.

ஆறாவது, பேக்கப். இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். கணினியை மறுபடி வாங்கலாம். அம்மாவின் குரல் பதிவையும் பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

1998-இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் மளமளவென்று அழிந்தன. பேக்கப் இருக்கிறதே என்று போனார்கள். அது ஒழுங்காகப் பதிவாகவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துவந்தார். அவர் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் கைகொடுத்தது. இதில் இரண்டு பாடங்கள். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் இதை 3-2-1 என்று சுருக்கிக் கொடுத்தார்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் ஏன் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தளத்து வீடுகள் அறிந்தன. கணினியும் பக்கத்து அலமாரியில் இருந்த டிஸ்கும் ஒரே வெள்ளத்துக்குத்தான் இரையாகும். ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வீட்டிலும், இன்னொரு பிரதி ஊரிலுள்ள அண்ணன் வீட்டிலோ கிளவுடிலோ இருக்கட்டும். பிரதி எடுத்ததும் டிஸ்கைக் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் வான்னாக்ரை போன்றவை அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை கணினியோடு ஒத்திசைந்தே இருப்பவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பதை மறக்க வேண்டாம்.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று. 2000-ஆம் ஆண்டையொட்டி பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய கட்டுரைகளும் குடும்ப வரலாறுகளும் பலரிடம் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் கிறுக்கலாகத் தெரியும். எத்தனை பிரதி எடுத்தாலும் படிக்க முடியாவிட்டால் பயன் என்ன? அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். விடுமுறையில் பிள்ளைகள் செய்து தரக்கூடிய அருமையான வேலை அது.

இனி கணினியின் உடம்பைப் பற்றி. நம் ஊர் வெயிலும் தூசியும் மின்சாரமும் அதை ஓயாமல் சோதிக்கின்றன. மெத்தைமேல் லேப்டாப்பை வைத்தால் அடியிலுள்ள காற்றுத்துளை அடைபடும். சூடேறியதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'கணினி மெதுவாகிவிட்டது' என்ற புகார்களில் பல இதனால் வருபவை. பலகைமேல் வையுங்கள். டெஸ்க்டாப்பைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், தரையிலிருந்தும் சற்று உயர்த்தி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் புளோயரால் தூசி ஊதுங்கள். அப்போது மின்விசிறியின் இறக்கை சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் பகைதான். அங்கே இன்னும் அடிக்கடி கவனிக்க வேண்டும்.

மூன்று முனை பிளக்கை இரண்டு முனையாக்கிச் செருகாதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் வேண்டும். அதன் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும் என்பதால் அவ்வப்போது சோதித்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் இடி மின்னல் தொடங்கும் முன்பே மின் பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும். லேப்டாப் பேட்டரி உப்பி, டச் பேட் மேலெழுந்தால் அன்றோடு பயன்பாட்டை நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோங்கள். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. ஹார்ட் டிஸ்கில் 'டிக் டிக்' என்று புதிதாக ஓசை கேட்டால் கணினியை அணைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது முக்கியமானது என்றால், மீட்டெடுக்கத் தெரிந்தவரிடமே கொடுங்கள். எஸ்எஸ்டியில் அந்த ஓசைகூடக் கேட்காது. பல நேரம் முன்னறிவிப்பில்லாமல் நின்றுவிடும் என்பதால் அதற்குப் பேக்கப் இன்னும் அவசியம்.

இத்தனையும் கேட்டு மலைத்துப்போக வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை, விட்டுப்போன புதுப்பிப்பும் பேக்கப்பும். மாதத்தில் ஒருநாள், ஒரு கோப்பை மீட்டுப் பார்ப்பதும், தேவையற்ற மென்பொருள்களையும் பிரவுசர் நீட்சிகளையும் நீக்குவதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தூசியும் யுபிஎஸ்ஸும். வீட்டில் ஒருவர் பெயரைச் சொல்லி இந்த வேலையை ஒப்படையுங்கள். எல்லோருடைய வேலை என்று விட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

கடைசியாக, என் மனத்துக்கு மிக நெருக்கமான ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். தவறான இணைப்பைத் தட்டிவிட்ட பாட்டியும், ஓடிபியைச் சொல்லிவிட்ட அப்பாவும், விளையாட்டுக்காக ஏதோ தரவிறக்கிய பிள்ளையும் பெரும்பாலும் அதை மறைக்கிறார்கள். ஏன்? திட்டு விழும் என்ற பயம். அந்த மறைப்பில் கழியும் மணி நேரங்கள்தான் திருடனுக்கு வேண்டியவை. இந்தியாவில் பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்; பணம் கைமாறிப் போவதற்குள் புகார் போனால் அதை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. கணினியில் சந்தேகம் என்றால் முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். இவை எல்லாமே, தவறு செய்தவர் வந்து சொன்னால்தான் நடக்கும்.

ஆகவே இன்றிரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது வீட்டில் எல்லோரிடமும் ஒரு வாக்குக் கொடுங்கள்: 'கணினியிலோ ஃபோனிலோ எது நடந்தாலும் உடனே வந்து சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டோம்.' அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். நான் இன்று சொன்ன மற்ற பழக்கங்களில் எது தவறினாலும், சேதம் பெருகும் முன் உங்களை எழுப்பப்போவது இந்தப் பழக்கம்தான்.